வடக்கு வெயில்

செடி வளர்க்கும் கண்ணாடிக் கூட்டுக்குள் காயப்போட்டிருந்த வெள்ளை விரிப்பில் சாண் உயரத்துக்கு ஒரு மனிதன் நின்றான். ரதிதேவி அதைக் கறை என்றுதான் நினைத்தாள். விரலை எச்சிலில் தொட்டுத் தேய்த்தபோது அவன் விரிப்பை விட்டு அவளுடைய புறங்கையில் ஏறி நின்றான். அகன்ற தொப்பி, இடுப்பில் பட்டி, தோளில் சாத்திய துவக்கு. அவள் கையை உதறினாள். அவன் மறுபடி விரிப்பில் போய் நின்றான்.

வெயில்தான் காரணம். விடாமல் பெய்த மழைக்குப் பிறகு ஓக்லாந்தில் அன்றுதான் வெயில் எறித்தது. கூட்டின் வடக்குப் பக்கத்துக் கீழ் வரிசைக் கண்ணாடிகள் பாசி பிடித்துக் கறுத்துவிட்டன என்று, வீட்டுக்குக் குடிவந்த நாளிலிருந்து அவள் நினைத்திருந்தாள். இப்போது குந்தியிருந்து பார்த்தாள். பாசி இல்லை. பள்ளிக்கூடக் கொப்பி அளவான ஒவ்வொரு கண்ணாடிக்குள்ளும் ஆட்கள் இருந்தார்கள். கூடாரங்கள், குதிரைகள், வண்டிகள். நடுக் கண்ணாடியில் ஒரு வரிசை மனிதர் வெறும் நிலத்தில் இருத்தப்பட்டிருந்தார்கள், கைகள் முதுகுக்குப் பின்னால். அவர்களுக்குப் பின்னே துவக்குக்காரர். எல்லாருக்கும் முகம் கறுப்பு. தலைமயிர் வெள்ளை. வாய் திறந்திருந்தவனின் வாய்க்குள் இருட்டுக்குப் பதிலாக வெளிச்சம்.

எங்கட ஆக்கள் என்று மனம் முந்திக்கொண்டு சொன்னது. அவள் ஈர விரிப்பைச் சுருட்டி அள்ளிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

த்ரீ கிங்ஸ் பகுதியில் அந்தப் பலகை வீட்டை அவள் எடுத்ததே கண்ணாடிக் கூட்டுக்காகத்தான். அங்கே கறிவேப்பிலையைக் குளிர்காலம் தாண்ட வைக்கலாம், உடுப்புக் காயப்போடலாம் என்று கணக்குப் போட்டிருந்தாள். இன்னொரு எண்ணமும் இருந்தது. அவளுடைய கணவர் குணரத்தினத்துக்கு எப்போதும் குளிர்ந்தது. சூப்பர்மார்க்கட்டில் வேலை முடிந்து அவள் வரும்போது ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, முதுகைச் சுவரோடு ஒட்டிவைத்துத் தரையில் இருப்பார். கதிரையில் இருக்கச் சொன்னால் இருப்பார். அவள் அந்தப் பக்கம் போனதும் மறுபடி தரைக்கு வந்துவிடுவார்.

கொழும்பு லொட்ஜ் ஒன்றில் பொலிஸ் அவரைப் பிடித்துக்கொண்டு போனபோது சிவானி அவள் வயிற்றில் இருந்தாள். பிள்ளையைச் சுமந்துகொண்டு கடல் தாண்டி வந்து, அகதி என்று பதிந்து, செஞ்சிலுவைக்கும் மந்திரிக்கும் பாதிரிக்கும் எழுதி எழுதி, கடைசியில் அவரை வெளியே எடுத்து விசாவும் எடுத்தாள். அவர் வந்திறங்கிய நாள் விமான நிலையத்தில் பிள்ளையை முன்னே தள்ளிவிட்டு அவருடைய கையைத் தொட்டபோது அவளுக்கு விளங்கிவிட்டது, அவள் கேட்ட ஆள் வேறு, அவர்கள் அனுப்பிய ஆள் வேறு. வாழ்த்துச் சொல்லப் பூங்கொத்தோடு வந்தவர்களிடம் அதைச் சொல்ல முடியாது. சிரித்துக்கொண்டு நின்றாள்.

வீட்டுக்காரி மிஸஸ் வில்மட் அதே தெருவில் இருந்தாள். கண்ணாடிகளைப் பற்றி ரதிதேவி கேட்டதும் கிழவிக்கு முகம் மலர்ந்தது. தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டுச் சொன்னாள், அவளுடைய பாட்டன் போயர் யுத்தத்துக்குத் தன் குதிரையோடு தென்னாபிரிக்கா போனவராம், போகும்போது கமராவும் கொண்டு போனாராம். அவர் செத்த பிறகு அந்தக் கண்ணாடி நெகட்டிவ்களை ஒருவரும் விரும்பவில்லை. கண்ணாடி கிடைக்காத காலத்தில் அப்பா அவற்றை அப்படியே சட்டத்தில் பூட்டிவிட்டாராம். தக்காளிச் செடிகள் ஒன்றும் முறையிடவில்லை என்று சொல்லிச் சிரித்தாள். அவர்கள் கறுப்பர்கள் இல்லையம்மா, நெகட்டிவ் என்றால் எல்லாம் மாறித்தானே தெரியும், துவக்கு வைத்திருப்பவர்கள் எங்கள் பொடியன்கள், நிலத்தில் இருப்பவர்கள் பிடிபட்ட போயர்கள், அவர்களும் வெள்ளைக்காரர்தான் என்று விளக்கினாள். பிறகு ஏதோ உறவு கண்டுபிடித்தவள் போல அவளுடைய கையைத் தட்டினாள். அப்படிப் பிடிபட்டவர்களில் கனபேரைக் கப்பலில் ஏற்றி உங்கள் நாட்டுக்குத்தான் அனுப்பினார்கள், சிலோனுக்கு. மலைநாட்டில் முகாம். நல்ல காற்று. நன்றாகத்தான் வைத்திருந்தார்களாம்.

ரதிதேவி தேத்தண்ணியைக் குடித்தாள். ஒரு நாட்டுக்குப் பிடித்து அனுப்புவதற்கும் அந்த நாட்டிலிருந்து தப்பி வருவதற்கும் இடையில் ஒரு கோப்பைத் தேத்தண்ணி அளவு தூரம்தான் இந்தக் கிழவிக்கு என்று நினைத்தாள். வெளியே வந்தபோது கொஞ்சம் ஆறுதலும் இருந்தது, அதை மறைத்து என்ன. கண்ணாடியில் இருப்பவர்கள் எங்கட ஆக்கள் இல்லை.

குணரத்தினம் கூட்டைத் தானாகவே கண்டுபிடித்தார். செப்ரெம்பரில் ஒரு பகல் அவள் வேலையால் வந்து தேடியபோது உள்ளே இருந்தார். ஸ்வெட்டர், சேர்ட், பெனியன் எல்லாம் கழற்றி மடித்துக் கதிரையில் வைத்திருந்தார். தரையில் கால் நீட்டி, வெறும் முதுகை வடக்குக் கண்ணாடியோடு ஒட்ட வைத்து, கண்ணை மூடியிருந்தார். ஊரில் சூரியன் தெற்கே சாய்ந்து போவதைப் பார்த்துப் பழகிய அவளுடைய கண்ணுக்கு, இந்த நாட்டில் அது வடக்கே நின்று எறிப்பது இன்னும் பழகவில்லை. அந்த வடக்கு வெயில் அவருடைய தோள்களின் ஓரத்தைச் செம்பு போல மினுக்கிக்கொண்டிருந்தது. கறிவேப்பிலை வாசமும் ஈரமண் வாசமும் சூடேறிய மரச்சட்டத்தின் பழைய எண்ணெய் வாசமும் கலந்து வந்தன. அவர் குறட்டை விட்டார். வந்த நாளிலிருந்து அவர் நித்திரை கொண்டதை அவள் பார்த்ததே இல்லை. கதவருகே நின்று, சத்தம் காட்டாமல் அழுதாள்.

அதன் பிறகு வெயில் எறித்த நாளெல்லாம் அவர் அங்கேதான். சாப்பாட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். சாப்பிட்டார். சதை வைத்தது. அவள் பயத்தை மறந்துவிட்டாள் என்றே சொல்லலாம்.

ஒரு மத்தியானம் உடுப்புக் கூடையோடு போனவள் கதவுக்கு வெளியே நின்றுவிட்டாள். உள்ளே அவர் கதைத்துக்கொண்டிருந்தார். தணிந்த, பணிந்த குரல். தமிழ் இல்லை.

"தன்னே நே, மாத்தயா. தன்னே நே."

தெரியாது ஐயா, தெரியாது. அந்த அளவு சிங்களம் அவளுக்கும் தெரியும். ஒவ்வொரு பதிலுக்கும் முன்னால் அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார், கேள்வி ஒன்றைக் கேட்டு முடிக்கும் அளவு நேரம். அந்த இடைவெளிகளில் கூட்டுக்குள் மெல்லிய சத்தம் ஒன்று வந்தது. வெயிலில் கண்ணாடி நெளியும் சத்தமாக இருக்கலாம். சேணத்தின் தோல் உரசுவது போலவும் இருந்தது. அவள் கதவைத் தள்ளினாள். அவர் கண் திறந்து, நித்திரையாகிவிட்டேன் என்றார். குதிரை வேர்வை வாசம் என்று ஒன்று உண்டா, அவளுக்குத் தெரியாது. கறிவேப்பிலை வாசத்தை மீறி உப்பும் மூத்திரமும் போன்ற ஏதோ ஒன்று மூக்கில் ஏறியது.

சனிக்கிழமைகளில் அவருக்கு எண்ணெய் தேய்ப்பது வழக்கம். முதுகைத் தேய்ப்பது அவளுக்கு இலகுவான வேலையில்லை. கம்பி அடித்த வரிகள், சிகரெட் சுட்ட வட்டங்கள், தோள்மூட்டுக்குக் கீழே ஒரு பள்ளம். அவற்றின் மேல் விரல் போகும்போது வேறெதையாவது நினைத்துக்கொள்வாள். அந்தச் சனிக்கிழமை தழும்புகளுக்கு நடுவே கறுப்பாக ஒரு கோடு கண்டாள். அடுத்த கிழமை அது ஒரு சப்பாத்து. அதற்கடுத்த கிழமை சப்பாத்துக்கு மேலே கால், காலுக்கு மேலே பட்டி, துவக்கின் அடிக்கட்டை.

டிசம்பர் பிறந்தபோது முழு வரிசையும் வந்துவிட்டது. வெயில் பட்ட இடம் கறுத்து, படாத இடம் வெளுத்து, கண்ணாடியில் தலைகீழாக இருந்த எல்லாம் அவருடைய தோலில் நேராகியிருந்தது. இங்கே முகங்கள் வெள்ளை. நிலத்தில் இருந்தவர்கள் தாடி வைத்த வெள்ளைக்கார விவசாயிகள், தலையைக் குனிந்திருந்தார்கள். பின்னே நின்ற பொடியன் ஒருத்தன், இருபது வயதுகூட இருக்காது, கமராவைப் பார்த்து அழகாகச் சிரித்துக்கொண்டிருந்தான். அவனுடைய சப்பாத்து குணரத்தினத்தின் பழைய தழும்பு ஒன்றின் மேல் சரியாக மிதித்திருந்தது.

டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டாம் முறையும் பார்த்தார். இந்த நாட்டு வெயில் பொல்லாதது, சேர்ட் போடச் சொல்லுங்கள், கொஞ்ச மாதத்தில் மங்கிவிடும் என்றார். பிறகு எதையும் தொடாத கையைப் போய் நெடுநேரம் கழுவினார்.

கண்ணாடிகளை மாற்றித் தரச் சொல்லி மிஸஸ் வில்மட்டைக் கேட்டாள். கிழவி மறுத்துவிட்டாள். குடும்பத்து ஆட்களை எப்படி எறிவது என்று கேட்டாள். ரதிதேவி சாக்கை வெட்டி ஆணி அடித்து மறைத்தாள். அவள் வேலையால் வரும்போது சாக்கு கழற்றி மடித்து வைக்கப்பட்டிருந்தது.

"ஏனப்பா இஞ்சையே வந்து இருக்கிறியள்? உள்ளுக்கு ஹீட்டர் போட்டு விடுறன், வாருங்கோ" என்று கெஞ்சினாள்.

அவர் அவளை ஆதரவாகப் பார்த்தார். வந்த பிறகு முதல் முறையாக, அவளை அடையாளம் கண்டவர் போல.

"நான் வெளிக்கிட்டு வந்தாப்பிறகு அங்கை ஆள் குறையுதெல்லே, ரதி. விடிஞ்சா எண்ணுவாங்கள். கணக்குச் சரியா வராட்டி மற்றவங்களுக்குத்தான் அடி. இவங்களுக்கு அது விளங்குது. இவங்களும் எண்ணுப்பட்ட ஆக்கள்தானே."

"இவங்கள் வெள்ளைக்காரரப்பா. செத்து நூறு வருசம்."

"நிலத்திலை இருத்திவிட்டா எல்லாரும் ஒண்டுதான்" என்றார்.

அவருக்குப் பைத்தியம் என்று நினைக்க அவளுக்கு ஆசையாக இருந்தது. பைத்தியத்துக்கு இந்த நாட்டில் மருந்து இருக்கிறது, ஆஸ்பத்திரி இருக்கிறது. ஆனால் அந்த மாலை எண்ணெய் தேய்க்கும்போது, சிரித்த பொடியனின் வாய் மூடியிருப்பதைப் பார்த்தாள். அவன் இப்போது கமராவைப் பார்க்கவில்லை. கீழே, வரிசையைப் பார்த்தான். உதடு குவிந்திருந்தது. எண்ணுகிறவனைப் போல.

பள்ளிக்கூட விடுமுறை தொடங்கியது. பிள்ளையைத் தகப்பனோடு விட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போக வேண்டும், வேறு வழியில்லை. கண்ணாடிக் கூட்டுக்குள் காலடி வைக்கக் கூடாது என்று சிவானியிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். ஜனவரியில் ஒரு நாள் தலையிடி என்று சொல்லி நேரத்தோடு வந்தவள், பின்கதவால் எட்டிப் பார்த்தாள். தகப்பனும் மகளும் அருகருகே கால் நீட்டி இருந்தார்கள். சிவானி நீச்சல் உடுப்பில் இருந்தாள். இருவரும் கண்ணை மூடி, முதுகைக் கண்ணாடியில் சாத்தியிருந்தார்கள். தகப்பன் பக்கத்துக் கண்ணாடிக்கு நகர்ந்து, நடுக் கண்ணாடியை மகளுக்கு விட்டுக்கொடுத்திருந்தார்.

ரதிதேவி பிள்ளையை இழுத்தெடுத்துத் திருப்பிப் பார்த்தாள். முதுகு கொஞ்சம் சிவந்திருந்தது. வேறொன்றும் இல்லை.

"இட்ஸ் நைஸ் அண்ட் வோர்ம், அம்மா" என்றாள் சிவானி. "அப்பா செட் தே டோன்ட் மைண்ட்."

பிள்ளையை வீட்டுக்குள் விட்டுக் கதவைப் பூட்டினாள். கேத்தலில் தண்ணீர் கொதிக்க வைத்து, சலவைச் சோடாவைக் கரைத்து, மீன் வெட்டும் கத்தியோடு கூட்டுக்கு வந்தாள். குணரத்தினம் எழுந்து ஒதுங்கி நின்றார். அவர் தடுக்கவில்லை. அவள் கொதிநீரை ஊற்றி ஊற்றிச் சுரண்டினாள். ஆட்கள் பாலாடை போல உரிந்து வந்தார்கள். எலும்பு அவிக்கும் வாசம் எழுந்தது, தொண்டை வரை. கூடாரங்கள் உரிந்தன, குதிரைகள் உரிந்தன. நடுக் கண்ணாடி மட்டும் துண்டு துண்டாக வராமல் ஒரே தோலாகக் கழன்று, வாளித் தண்ணீரில் விரிந்து மிதந்தது. வரிசை கலையாமல். கறுத்த முகங்கள் மேலே பார்த்தபடி. அவள் வாளியைத் தூக்கிக் கழிவுநீர் ஓடும் கானில் கவிழ்த்தாள். கொஞ்சம் விரல்களில் ஒட்டிக்கொண்டது. சுவரில் தேய்த்தாள். புல்லில் தேய்த்தாள்.

திரும்பியபோது குணரத்தினம் கண்ணீர் வழிய நின்றார்.

"அவங்களை எங்கை விட்டனீர்?"

"ஊத்திப்போட்டன்."

"இருந்த இடத்தையும் எடுத்துப்போட்டீர். இனி அவங்கள் எங்கை போவாங்கள், ரதி?"

கண்ணாடிகள் பளபளவென்று இருந்தன. வேலிக்கு அப்பால் பக்கத்து வீட்டுச் சுவரும், அதற்கு மேலே ஒன்றுமறியாத நீல வானமும் தெரிந்தன. அவள் வென்றுவிட்டாள்.

பின்னேரம் வெயில் தாழும் முன் அவருடைய சேர்ட்டைக் கழற்றிப் பார்த்தாள். பொடியன் இல்லை. வரிசை இல்லை. கம்பி அடித்த வரிகளும் இல்லை. சிகரெட் வட்டங்கள் இல்லை. தோள்மூட்டுக்குக் கீழிருந்த பள்ளம் இல்லை. கலியாணம் கட்டிய புதிதில் அவள் கண்ட அதே முதுகு. கையை வைத்தாள். வழுவழுவென்று இருந்தது. பனிக்காலத்து யன்னலைப் போலக் குளிர்ந்தது. கன்னத்தை வைத்தாள். காதை வைத்தாள்.

உள்ளே ஒன்றும் கேட்கவில்லை.

"குளிருதோ அப்பா?" என்று கேட்டாள்.

"இப்ப இல்லை" என்றார்.

காலையில் அவர் வீட்டில் இல்லை. வேலிப் படலை உட்பக்கம் கொளுவியபடி இருந்தது. செருப்பு வாசலில் இருந்தது. கண்ணாடிக் கூட்டுக்குள் கதிரையில் சேர்ட் மடித்து வைத்திருந்தது, மேல் பொத்தான்வரை பூட்டி. வெயில் தடையில்லாமல் தரை முழுவதும் பரந்து கிடந்தது. ஒரு நிழல் இல்லை. கறிவேப்பிலைக்குக்கூட நிழல் இருந்ததா என்று அவள் பார்க்கவில்லை. பார்க்கத் துணியவில்லை. அவருடைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். வாழ்க்கையில் ஒருநாளும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

வீட்டின் மறுபக்கம் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. ஓடினாள். சிவானி குழாயைத் திறந்துவிட்டுப் புல்லில் குதித்து விளையாடினாள். நேற்றைய அதே நீச்சல் உடுப்பு. நனைந்த தலைமயிர். சிரிப்பு. பிள்ளை இருக்கிறாள். பிள்ளை இருக்கிறாள்.

"அப்பா எங்கை, சிவானி?"

பிள்ளை தோளைக் குலுக்கினாள். பிறகு கையைப் பின்னால் வளைத்து எட்டாத இடத்தில் சொறியப் பார்த்தாள்.

"இட்ஸ் இட்சி, அம்மா."

"திரும்பு."

சிவானி திரும்பினாள். குழாயை நிறுத்தக் குனிந்தாள்.

சின்ன முதுகு. நேற்றைய சிவப்பு கறுத்துப் படிந்திருந்தது. தோளிலிருந்து தோள்வரை வரிசை. தொப்பிகள். துவக்குகள். தாடி வைத்த மனிதர் குனிந்த தலையோடு இருந்தார்கள். அவர்களில் ஒருவருக்குத் தாடி இல்லை. மேல் சட்டை இல்லை. கைகள் முதுகுக்குப் பின்னால். அவர் மட்டும் தலையை நிமிர்த்தியிருந்தார். நகத்தளவு முகம். அவளைப் பார்த்தது. வாய் எதையோ சொல்லத் திறந்திருந்தது. அவருக்குப் பின்னே பொடியன். சப்பாத்து அவருடைய தோளில்.

பிள்ளை குனிந்தபடியே இளைத்தாள், ஓடி விளையாடிய களைப்பு. அவள் மூச்சு இழுத்தாள். வரிசை முழுவதும் நெஞ்சு விம்மியது. அவள் மூச்சு விட்டாள். வரிசை முழுவதும் தாழ்ந்தது.